பழைய அம்பாசிடர் இன்ஜின் அறை: கழுவி, பெயின்ட் அடித்து ஒழுங்காக்க எங்கிருந்து தொடங்குவது?

கன்னங்குறிச்சி_மார்க்4 கேட்டது:

சேலத்தில் இருக்கிறேன். வண்டி 1989 அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் பானட்டைத் தூக்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. பிளாக்கின் அடிப்பாகத்தில் ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்குக் கறுப்பாக அப்பியிருக்கிறது. அதன் மேல் மேக்னசைட் சுரங்கப் பக்கத்து வெள்ளைத் தூசி வேறு. டேப்பட் கவர் (இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடி) பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. பேட்டரி தட்டு துருவேறி ஒரு மூலையில் ஓட்டை. வயர்களில் சுற்றிய டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது.

வாட்டர் சர்வீஸில் விட்டு பிரஷர் அடிக்கச் சொல்லலாமா? மண்ணெண்ணெயா, டிகிரீசரா? டேப்பட் கவருக்கும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஒரே பெயின்ட் போதுமா? குரோம் சாமான், ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் தப்பா? ஷோவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை. திறந்தால் சுத்தமாக இருக்கணும், எங்கே ஒழுகினாலும் உடனே கண்ணில் படணும், அவ்வளவுதான்.

பட்டறை_சூரமங்கலம்:

தம்பி, கடைசியா சொன்னீங்களே, ஒழுகினா கண்ணுல படணும்னு, அதையே பிடிச்சுக்கங்க. முதல்ல அழுக்கை எடுக்கணும். அப்புறம் ஒரு வாரம் ஓட்டி ஆயில் எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும். அதை அடைச்ச பிறகுதான் பெயின்ட். முதல் நாளே பெயின்ட் அடிச்சா ஆயில் அடியில புகுந்து ரெண்டே மாசத்துல தோலா உரிஞ்சு வரும்.

பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம். அந்தத் துப்பாக்கித் தண்ணி டைனமோ பேரிங்ல, வாட்டர் பம்ப் சீல்ல, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எல்லாம் புகுந்துடும். கிட்ட வச்சு அடிச்சா ரேடியேட்டர் தகடு மடங்கும். மடங்கின இடத்துல காத்து போகாது. சாதா ஹோஸ் பைப் தண்ணியே போதும்.

இன்ஜின் ஆறியிருக்கணும். கை வச்சா வெதுவெதுப்பு இருக்கலாம், அதுக்கு மேல கூடாது. இந்த இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், மறந்துடாதீங்க. சூடான மேனிஃபோல்டு மேல மண்ணெண்ணெய் பட்டா பத்திக்கும், பச்சைத் தண்ணி பட்டா வார்ப்பிரும்பு விரிசல் விடும். பெட்ரோல் ஊத்திக் கழுவறது இன்னைக்கும் சில இடத்துல நடக்குது. அது பக்கமே போகாதீங்க.

பேட்டரியில எர்த் முனையை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதுதான் கடைசி. மாத்திச் செஞ்சா ஸ்பேனர் பாடியில பட்டுப் பொறி பறக்கும். ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு கார்புரேட்டர் வாயில சுத்தமான துணி, அதுக்கு மேல பாலிதீன், மேல ரப்பர் பேண்டு. டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, ரெகுலேட்டர் பெட்டி நாலுக்கும் அதே மாதிரி. ஆயில் மூடியும் டிப் ஸ்டிக்கும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க.

தண்ணியைத் தொடறதுக்கு முன்னாடி காய்ஞ்சபடியே சுரண்டுங்க. பெயின்டர் வச்சிருக்கிற பட்டி பிளேடு, பழைய ஸ்க்ரூ டிரைவர், வயர் பிரஷ், பல் தேய்க்கிற பிரஷ் இருந்தா போதும். அடியில அட்டையை விரிச்சு வச்சுக்கங்க. அழுக்குல முக்கால்வாசி இப்படியே வந்துடும். இதை விட்டுட்டு நேரா டிகிரீசர் ஊத்தினா 5 லிட்டர் தீர்ந்தாலும் மேல் தோல்தான் கரையும்.

மிச்சத்துக்குத் தண்ணியில கலக்கிற டிகிரீசர். கெட்டியான இடத்துக்கு 1 பங்குக்கு 4 பங்கு தண்ணி, பெயின்ட் இருக்கிற தகட்டுக்கு 1க்கு 10. ஒரு லிட்டர் வாங்கினா மொத்த அறைக்கும் வரும். கீழேயிருந்து மேல அடிச்சுட்டு வாங்க, 5 முதல் 10 நிமிஷம் ஊறட்டும், பிரஷ் போட்டுத் தேய்ங்க, மேலேயிருந்து கீழ அலசுங்க. காய விடாதீங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல 3 நிமிஷத்துல காஞ்சு கறை விழும். காலையில 7 மணிக்கு முன்னாடி, நிழல்ல வச்சுச் செய்யுங்க.

மண்ணெண்ணெய் இரும்புல நல்லா வேலை செய்யும், இல்லைன்னு சொல்லல. ஆனா ரப்பர் ஹோஸும் புஷ்ஷும் ஊதிடும். காஞ்ச பிறகும் ஒரு எண்ணெய்ப் படலம் தங்கும், அதுல பெயின்ட் நிக்காது. பயன்படுத்தினா பிளாக்கோட அடிப்பாகத்துக்கு மட்டும் வச்சுக்கங்க, பின்னாடியே சோப்பு போட்டுடணும். காஸ்டிக் சோடாவைத் தொடாதீங்க. கார்புரேட்டர் பாடி, டைனமோ மூடி மாதிரி அலுமினிய வார்ப்பு சாமானை எல்லாம் அரிச்சுக் கறுப்பாக்கிடும்.

கடைசி அலசலுக்குப் போர் தண்ணி வேண்டாம். காஞ்சதும் வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு நிக்கும், அதைத் துடைக்கிறது அழுக்கைத் துடைக்கிறதைவிடப் பெரிய வேலை. மேட்டூர்த் தண்ணி வந்தா அது, இல்லைன்னா ஏசியில சொட்டுற தண்ணியைப் பிடிச்சு வச்சு ஒரு 5 லிட்டர்.

அப்புறம் பஞ்சர் கடைக் காத்துல இடுக்கெல்லாம் ஊதிட்டு, பானட்டைத் திறந்து வச்சே 15 நிமிஷம் ஐடிலிங் விடுங்க. மிஸ்ஸிங் அடிச்சா பயப்படாதீங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்பக்கம் காஞ்ச பனியன் வேஸ்ட்ல துடைச்சா போயிடும்.

ஒழுகல் விஷயம் கொஞ்சம் பேசணும். இந்த இன்ஜின்ல வழக்கமா ஆயில் விடுற இடம் டேப்பட் கவரோட கார்க் பேக்கிங், மேனிஃபோல்டுக்குப் பின்னாடி பிளாக் பக்கவாட்டுல இருக்கிற சைடு கவர், முன்னாடி டைமிங் கவர், பின்னாடி கிளட்ச் ஹவுசிங் அடி. முதல் மூணும் பேக்கிங், சீல் மாத்தினா தீரும். பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்ல வெட்டின சுருள் மரைதான் ஆயிலை உள்ள தள்ளுது. அங்க ராத்திரிக்கு ரெண்டு சொட்டு விழுந்தா அது வண்டியோட குணம், அதுக்காக இன்ஜினை இறக்காதீங்க.

எல்லா இடத்துலயும் சேர்ந்து ஒழுகுதுன்னா பேக்கிங்கைக் குறை சொல்லாம டேப்பட் கவர்லேர்ந்து ஏர் கிளீனருக்குப் போற பிரீதர் குழாயைப் பாருங்க. அது அடைச்சிருந்தா உள் அழுத்தம் வெளியேற வழியில்லாம ஆயிலை இடுக்கு இடுக்கா பிதுக்கும்.

டேப்பட் கவரை மேல இருக்கிற ரெண்டே நட்டுதான் பிடிக்குது. ஒழுகுதுன்னு இறுக்க இறுக்க தகடு வளையும், கார்க் பிளந்து இன்னும் ஒழுகும். கவரைக் கழட்டிக் கண்ணாடி மேல கவிழ்த்து விளிம்பு தட்டையா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மரக்கட்டை வச்சுத் தட்டி நேராக்கணும். புது கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்க, ஹெட் பக்கம் லேசா கிரீஸ் தடவினா போதும். நட்டுக்கு அடியில இருக்கிற ரப்பர் புஷ்ஷும் புதுசு போடணும். இறுக்கம் 5 நியூட்டன் மீட்டர் சுத்துவட்டம்தான், சின்ன ஸ்பேனரை ரெண்டு விரல்ல பிடிச்சு இறுக்கற அளவு. சிலிக்கான் சீலன்ட்டைப் பற்பசை மாதிரி பிதுக்கி வைக்கிறவங்க கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க. உள்ள பிதுங்கினது அறுந்து விழுந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

வண்ணம்_அஸ்தம்பட்டி:

பெயின்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஆகாது. எந்த இடம் எவ்வளவு சூடாகும் என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

டேப்பட் கவர், பிளாக், ஏர் கிளீனர் டப்பா எல்லாம் ஏறக்குறைய 100 டிகிரி சுற்றி நிற்பவை. இவற்றுக்கு எபாக்சி பிரைமரும் அதன் மேல் 2கே பியூ பெயின்டும் (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) தாராளமாகத் தாங்கும். கிரில் பட்டறையில் அடிக்கும் சாதாரண ரெட் ஆக்சைடு, எனாமல் இங்கே வேண்டாம். சூட்டில் இளகும், ஆயில் பட்டால் ஊறிக் கிளம்பும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மலை ஏறும்போது 500 டிகிரியைத் தாண்டக்கூடியது. அதற்கு 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் அலுமினியப் பெயின்ட் மட்டுமே. பிரைமர் போடக்கூடாது, அடியில் இருக்கும் பிரைமர் எரிந்து மேல் பூச்சையும் கொண்டுபோய்விடும்.

கவரைக் கழற்றிப் பழைய பெயின்டை ரிமூவர் போட்டு முழுதாக எடுங்கள். பாதி உரிந்ததன் மேல் அடித்தால் அதன் விளிம்பு கடைசி வரை தெரியும். பிறகு 120, 240, 400 என்று உப்புத்தாள். தின்னரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியில் துடையுங்கள். ஆயில் துளி மிச்சமிருந்தால் பெயின்ட் அங்கே விலகி மீன்கண் போல வட்டம் விழும். உள்பக்கம் பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்தால் நேராக ஆயிலில் விழும். பிரைமர் 1 கோட்டு, கலர் 2 மெல்லிய கோட்டு, நடுவே 10 முதல் 15 நிமிட இடைவெளி. 400 மில்லி ஸ்ப்ரே டப்பா ஒன்று கவர், ஏர் கிளீனர், இரண்டு மூன்று பிராக்கெட்டுக்குச் சரியாக இருக்கும். பக்கவாட்டுத் தகடுகளும் டேஷ் பக்கத் தகடும் சேர்த்து அடிப்பதானால் பாடி கலரில் 500 மில்லி 2கே வாங்கி ஸ்ப்ரே கன்னில் அடியுங்கள். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு உண்டு, காற்றோட்டமான இடமும் கார்பன் ஃபில்டர் உள்ள மாஸ்க்கும் அவசியம். துணி கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு ஆகாது.

கம்பெனி அடித்த பழைய நிறம் தெரிய வேண்டுமா? டைனமோ பிராக்கெட்டைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள், வெயிலும் சூடும் படாத பெயின்ட் அங்கே இருக்கும்.

ரேடியேட்டருக்கு மெல்லிய மேட் கறுப்பு ஒரே ஒரு தூவல், அதுவும் அவசியமென்றால். கனமாக அடித்தால் வெப்பம் வெளியேறுவது குறையும்.

பேட்டரி தட்டில் துருவை எடுப்பதற்கு முன் ஆசிட்டைக் கொல்ல வேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை அடங்கும்வரை திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். ஓட்டை உள்ள மூலையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்து, பிறகு எபாக்சி. பட்டி வைத்து ஓட்டையை மூடினால் பேட்டரி கனத்தில் ஒரே மழைக்காலத்தில் விழுந்துவிடும்.

மறக்கக்கூடாத ஒன்று: இன்ஜின் எண் பொறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆர்சி புதுப்பிக்கும்போது எண்ணைப் பென்சில் தேய்த்துப் படி எடுப்பார்கள். இரண்டு கோட்டு பெயின்டுக்கு அடியில் எழுத்து மங்கிப்போனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

ஏற்காடு_சில்வர்ஓக்:

அஸ்தம்பட்டி சார் சொன்னதில் ஒரு சேர்க்கை. மேலே ஏற்காட்டில் வைத்து பெயின்ட் அடிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கன்னைத் தொடாதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் என்றால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால் பூத்தாற்போல் வெளுக்கும். மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் உதவும். மாசி, பங்குனியில் அடித்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

கழற்றக்கூடிய இரும்புச் சாமானுக்கு, அதாவது பேட்டரி தட்டு, பிராக்கெட், விசிறிக் கவசம் இதற்கெல்லாம், என் ஓட்டு பவுடர் கோட்டிங்குக்கு. மலையில் ஈரத்துக்கு ஸ்ப்ரேயைவிட இரண்டு மடங்கு நாள் நிற்கும். ஆனால் 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைப்பார்கள். தகட்டு மடிப்பில் ஒளிந்திருக்கும் ஆயில் அந்தச் சூட்டில் கொதித்து வந்து கொப்புளம் போடும். அதனால் பூச்சுக்கு முன் ஒருமுறை வெறுமனே சுட்டு எடுக்கச் சொல்லுங்கள். மரைகளை அடைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

எலி. மலையில் இதுதான் முதல் எதிரி. பானட் இடுக்கில் சில்வர் ஓக் சருகு சேர்ந்தாலே கூடு கட்டும். பானட் அடியில் ஒட்டும் பஞ்சு மெத்தை அதற்கு நல்ல படுக்கை. தவிர, அந்த மெத்தை ஆயில் ஊறினால் திரி மாதிரி. பழைய மெத்தை நைந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் தகடாகவே விடலாம், சத்தம் கொஞ்சம் கூடும்.

பெட்ரோல் ஹோஸைப் பளபளப்பு வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, பிசுபிசுத்து வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மேனிஃபோல்டைவிட்டு விலக்கிக் கொண்டுபோய் கிளிப் போடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த ஹோஸ் சூடானால் பெட்ரோல் ஆவியாகி வண்டி பாதியில் நின்றுவிடும்.

12வோல்ட்_அம்மாபேட்டை:

வயரிங்குக்கு வர்றேன் அண்ணா. பிசுபிசுப்பு டேப்பை உரிச்சுட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியில வயரைத் துடைங்க. தின்னர் கூடாது, வயர் மேல்தோலையே கரைக்கும். துடைச்சா நிறம் தெரியும். லூகாஸ் முறைப்படி பழுப்பு பேட்டரியிலிருந்து நேரா வர்றது, எப்பவும் உயிர் இருக்கும். வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த். 35 வருஷத்துல நடுவுல யார் யாரோ கை வச்சிருப்பாங்க. அதனால நிறத்தை மட்டும் நம்பாம டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க, கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப்புல எழுதி ஒட்டுங்க.

திரும்பச் சுத்த பசையில்லாத ஹார்னஸ் டேப் வாங்குங்க. கறுப்பு இன்சுலேஷன் டேப் இன்ஜின் சூட்டுல மறுபடி அதே பிசுபிசுப்புதான். மேல நெளிவு கண்டூயிட் குழாய், 10 மில்லிமீட்டர் அளவு ஒரு 3 மீட்டர், 13 மில்லிமீட்டர் ஒரு 2 மீட்டர் போதும். எலியைத் தடுக்காது, ஆனா தாமதப்படுத்தும்.

பெயின்ட் அடிச்ச வண்டி முக்கால்வாசி எங்க கைக்கு ஒரே புகாரோட வரும்: செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவா சுத்துது, லைட் மங்குது. காரணம் எர்த். பாடியில எர்த் பிடிக்கிற இடத்துல பெயின்ட் மேலேயே போல்ட்டை இறுக்கிடுவாங்க. சில சமயம் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பின்னல் பட்டையைத் திருப்பி மாட்டவே மறந்திடுவாங்க. இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உட்கார்ந்திருக்கு. பட்டை இல்லைன்னா செல்ஃப் இழுக்கிற மொத்தக் கரண்டும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி வழியா திரும்பும். சோக் கேபிள் சிவக்கும், உறை உருகும். அதனால எர்த் இடங்கள்ல வட்டமா ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியணும், பல் வாசர் போட்டு இறுக்கணும், மேல வாசலைன் தடவணும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்: ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர்ல இருந்துட்டு வேண்டாம்னு சொல்ல மனசு வரல. பிராக்கெட், ஏர் கிளீனர், கிளிப் இதுக்கெல்லாம் போடுங்க. ஹெட் ஸ்டட், டைனமோ தாங்கி மாதிரி பாரம் இழுக்கிற இடத்துல வேண்டாம். கடையில கிடைக்கிற ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ், நல்ல 8.8 தர இரும்பு போல்ட் பலத்துக்கு வராது. மேனிஃபோல்டு ஸ்டட்டுக்கு பித்தளை நட்டுதான், அடுத்த முறை கழட்டும்போது ஸ்டட் முறியாது.

அதைவிட முக்கியம் மரை. இந்த இன்ஜின்ல யுஎன்எஃப், அதாவது அங்குல அளவு மரை. 5/16 அங்குலம்னா 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. செவ்வாய்ப்பேட்டையில போய் 8 மில்லி போல்ட் கேட்டு வாங்கிட்டு வந்தா கண்ணுக்கு ஒண்ணா தெரியும், முதல் ரெண்டு சுத்து கையிலயே ஏறும். அப்புறம் ஸ்பேனர் போட்டு முறுக்கினா பிளாக் மரை போயிடும். பழைய போல்ட்டைக் கையில எடுத்துட்டுப் போய் நட்டு போட்டுப் பார்த்து வாங்குங்க.

கன்னங்குறிச்சி_மார்க்4:

எல்லாருக்கும் நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். மேனிஃபோல்டு பெயின்ட் அடித்ததும் ஓட்டலாமா, காய வைக்கணுமா? அப்புறம், ஹோஸுக்கு மேல் மாட்டும் பளபள பின்னல் உறையும், கடைசியில் அடிக்கும் ஷைன் ஸ்ப்ரேயும் போடலாமா?

வண்ணம்_அஸ்தம்பட்டி:

அந்தப் பெயின்ட் காற்றில் காய்வது தொட்டுப் பார்க்க மட்டும்தான், இறுகுவது சூட்டில். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் 10 நிமிடம் ஐடிலிங், முழுக்க ஆற விடுங்கள். பிறகு 20 நிமிடம், மறுபடி ஆறட்டும். மூன்றாவதாக ஐந்து ரோடு சந்திப்பு வரை ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் இரண்டு தடவையும் புகையும் நெடியும் வரும், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். அடித்த கையோடு ஏற்காடு ஏறினால் கொப்புளித்து உதிரும். துருப்பொடி கொஞ்சம் இருந்தாலும் அதே கதிதான், வயர் பிரஷ் வேலையில் சோம்பல் பட வேண்டாம்.

பட்டறை_சூரமங்கலம்:

பின்னல் உறை வேண்டாம் தம்பி. உள்ள ஹோஸ் வெடிச்சிருக்கிறது தெரியாது, அதோட அந்தக் கம்பி முனை பக்கத்து வயரை அறுத்துடும். சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சா பெல்ட்ல பட்டு வழுக்கும், வெள்ளைத் தூசி முழுக்க அதுலயே ஒட்டும். தண்ணி அடிப்படையில இருக்கிற டிரெஸ்ஸிங்கைத் துணியில தொட்டு, ரேடியேட்டர் ஹோஸ், வயர் உறை மேல மட்டும் தடவி, 10 நிமிஷம் கழிச்சு காஞ்ச துணியில துடைச்சு எடுத்துடுங்க. பெல்ட், மேனிஃபோல்டு, ஆக்சிலரேட்டர் இணைப்பு மேல படக்கூடாது. அந்த இணைப்புக்கு ஒரு சொட்டு ஆயில் போட்டு, பெடல் விட்டா முழுசா திரும்புதான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு வண்டியை வெளிய எடுங்க.